மனையும் குடியும்
கீழைக்கரை வீடமைப்புத் திட்டங்கள் பற்றியதொரு நோக்கு

குடி என்னுஞ் சொல் தமிழிலே பல பொருள் தருவதொன்று. வீடும் குடியே, வீட்டில் வாழ்வாரும் குடியே, ஒரு மரபில் வந்த சுற்றமும் குடியே. ஈழத்தின் கீழைக்கரையில் இப்பொருள்கள் யாவும் இன்றும் வழக்கில் உள்ளன. மட்டக்களப்புப் பகுதியிலும் அதன் தெற்கேயுள்ள ஊர்களிலும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியே குடி எண்ணும் மரபினர். பள்ளிவாசலின் மரைக்காயர் பொறுப்பும், கோயிலின் வண்ணக்கர் பொறுப்பும் குடிவழியே வந்தவை. ஆகவே இக்கரையில் வீடு கட்டப் புகுவோர், மனையைக் கட்டுவதோடு குடியையும் எண்ணவேண்டியவராவர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் அம்பாறைக் கரையில் எழுந்த வீடமைப்புத் திட்டங்கள் இக்கடமையை எவ்வளவிற்கு நிறைவேற்றின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பழைய அமைப்பினை நோக்குவாம். காரைதீவிலிருந்து அம்பாறை செல்லும் வீதியில், வயல்களின் நடுவே அமைந்த ஊர் மாவடிப்பள்ளி. மாரிகாலத்தில் வெள்ளம் வீதியை மூடுவதுண்டு. எனவே மேட்டு நிலமே இங்கு மனைக்குரிய நிலம். இவ்வூரிலும் அயலிலுள்ள சம்மாந்துறை, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை முதலிய ஊர்களிலும் வீட்டைத் தனித்து நோக்குதல் பொருந்தாது. வளவையே நோக்குதல் வேண்டும். மகளுக்கு மணம் நிகழும்போது வீடு அவளுக்குரியதாகின்றது. மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்கின்றான். பெற்றோர் அடுத்த மகளுக்காக அதே வளவிலோ அண்மையிலோ இன்னொரு வீடு கட்டுகின்றனர். இவ்வாறு தாயும் தமக்கையும் தங்கையும் அருகருகே வாழும் ஒரு சுற்றம் உருவாகின்றது. பெண்கள் வீதிக்கு வராமலே வேலியிலுள்ள கடப்பு வழியாக ஒரு வீட்டிலிருந்து மற்றொன்றிற்குச் செல்வர். கிணறும், நெல் காயவிடும் முற்றமும், பின்புறத்துக் குசினியும் பலர்க்கும் பொதுவாய்ப் பயன்படும். பிள்ளை வளர்ப்பும், நோயாளரைப் பேணுதலும், கைம்பெண்ணுக்கு ஆதரவும் இவ்வமைப்பினின்றே பிறந்தன. சுருங்கக் கூறின், இவ்வளவு வெறும் கட்டடமன்று. எழுதப்படாததொரு சமூகச் சட்டமாகும்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் இவ்வமைப்பைக் கரையோரத்திலே துடைத்தழித்தது. இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. அதன்பின் அரசு கரையோரத் தடை வலயமொன்றை அறிவித்தது: வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், ஏனைய இடங்களில் 100 மீற்றர். இது பின்னர்த் தளர்த்தப்பட்டது. மருதமுனையில் '65 மீற்றர்' என்னும் எண்ணே ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராய் நிலைத்துவிட்டது. வலயத்திற்கு வெளியே நிலமுடையார்க்கு, முற்றாய் அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாய் தவணைகளாக வழங்கப்பட்டது. வலயத்துக்குள் நிலமிருந்தோர்க்கோ கொடையாளர் வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுப்பர் என்பது ஏற்பாடு. 500 சதுர அடி ஒரு வீட்டின் குறைந்த அளவென வகுக்கப்பட்டது.

இவ்வளவில் குறைகூறுதற்கு இடமில்லை. வீடிழந்தவனுக்கு விரைவிற் கூரை வேண்டும் என்பது உண்மை. ஆயினும் மூன்று பிழைகள் இத்திட்டங்களுள் புகுந்தன என்பேன்.

முதலாவது, அமைப்பைப் பற்றியது. கல்முனைப் பகுதி நிலநெருக்கம் மிக்கது; கிழக்கே கடலும் மேற்கே வயலும் எல்லையிட, ஊர் விரிவடைய வழியில்லை. ஆதலால் மாடித் தொடர்களும் நெருங்கிய வரிசை வீடுகளும் எழுந்தன. கல்முனையின் கிறீன் பீல்ட் தொடர்மாடியும், வெனிசுவேலாவின் உதவியைப் பெயராலேயே நினைவூட்டும் சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமமும் இவ்வகையின. ஊரைவிட்டுத் தொலைவிற் செல்லாது மக்கள் தம் ஊரிலேயே நிற்க இவை துணைசெய்தன. இந்நன்மையை மறத்தல் நடுநிலையாகாது. ஆயினும் மாடிவீட்டிலே இரண்டாம் மகளுக்கு வீடு கட்ட இடமெங்கே? மருதமுனையின் கைத்தறிக்கும், மீனவன் வலைக்கும், வயற்காரன் நெல்மூட்டைக்கும் 500 சதுர அடியில் இடமெங்கே? கடப்பு வழியே சென்ற பெண், பலரும் ஏறி இறங்கும் பொதுப் படிக்கட்டிலன்றோ செல்லவேண்டியவளாகின்றாள்? குடும்பம் வளரும் என்பதை மறந்து வரையப்பட்ட வரைபடம், எவ்வளவு உறுதியாய்க் கட்டப்படினும், ஒரு தலைமுறைக்கே போதியதாகும்.

இரண்டாவது, உரிமையைப் பற்றியது. நிர்வாகத்தின் ஏடுகளில் 'குடும்பத் தலைவர்' என்றொரு சொல் உண்டு. அதன் பொருள் பெரும்பாலும் கணவன் என்பதே. இக்கரையில் வீடு பெண்ணுக்குரியது. கடலால் அழிந்த வீடு மனைவியின் சீதனமாயிருக்க, அதற்கு ஈடாக வந்த வீட்டின் உறுதி பல இடங்களிற் கணவன் பெயரில் எழுதப்பட்டது. ஒரு தாளில் எழுதிய ஒரு பெயர், தலைமுறை தலைமுறையாய்ப் பெண்கள் பெற்றிருந்த பாதுகாப்பை மாற்றிவிட வல்லதாயிற்று. கிழக்கிலங்கைப் பெண்கள் அமைப்புகள் இதனை அன்றே எடுத்துரைத்தன. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஆழிப்பேரலைக்குப் பிந்திய வீடுகளைச் சீதன மரபோடு இணைத்தே ஆராய்கின்றது.

மூன்றாவது, பங்கீட்டைப் பற்றியது. இதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலைத் திட்டமே தக்க சான்று. சவூதி அரேபியாவின் கொடையால் அங்கு 500 வீடுகள் எழுந்தன. பாடசாலை, மருத்துவமனை, பள்ளிவாசல், சந்தை முதலியனவும் உடன் அமைக்கப்பட்டன. ஒரு சமூகத்தார்க்கே அவ்வீடுகள் செல்லுதல் கூடாதென வழக்கெழுந்தது. இன விகிதப்படியே பகிர்தல் வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர்ப் பத்தாண்டிற்கும் மேலாக அவ்வீடுகள் குடியின்றிக் கிடந்தன; முற்றங்களிலே காடு வளர்ந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத்தின் காலமுதலே இம்மாவட்டத்தில் நிலம் என்பது இனக்கணக்கோடு பிணைந்த பொருள். அவ்வச்சத்தை முன்னரே தீர்க்காமற் சுவரெழுப்பியமையால், கதவுகள் பூட்டியே கிடந்தன. வீடிழந்தாரோ தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாய்க் காத்திருந்தனர்.

இத்தகைய பிழைகள் நம் நாட்டிற்கு மட்டும் உரியனவல்ல. எகிப்திலே ஹசன் ஃபாத்தி என்னும் கட்டடக் கலைஞர் 1940களில் புதுக் குர்னா என்னும் அழகிய மண்ணூரை அமைத்தார். பழைய குர்னா மக்களிற் பெரும்பாலோர் அங்குக் குடியேற மறுத்தனர். அழகு குறைந்ததனாலன்று, தம் பிழைப்பு நடந்த இடத்தை விட்டுப்போகும் முடிவு தம்முடையதாய் இல்லாமையால். அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் 1950களில் எழுந்த புருயிற் ஐகோ என்னும் 33 மாடித்தொடர்கள் 1972 முதல் இடிக்கப்பட்டன. கட்டடக் கலையே குற்றவாளி என்றனர் சிலர். பராமரிப்புப் பணமின்மையும், வேலையின்மையும், இனப் பிரிவினையுமே அதனை அழித்தன என்பர் பின்வந்த ஆய்வாளர். இவ்விரண்டிலும் ஒரே உண்மை விளங்குகின்றது: வீட்டின் வாழ்வும் வீழ்வும் சுவருக்கு வெளியே தீர்மானிக்கப்படுகின்றன.

நன்முறைக்கும் எடுத்துக்காட்டில்லாமலில்லை. அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையில், முஸ்லிம் மீனவர் வாழும் ஊரிலே, யப்பானியக் கட்டடக் கலைஞர் சிகேரு பான் மண்கட்டிகளையும் இறப்பர் மரத்தையும் கொண்டு வீடுகள் அமைத்தார். கூடத்திற்கும் குசினிக்கும் நடுவே கூரையிட்ட முற்றம் ஒன்றை வைத்து, விருந்தினர் வருங்காற் பெண்கள் ஒதுங்கியிருத்தற்கும் வகைசெய்தார். 2013 இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தெரிவுப்பட்டியலில் அது இடம்பெற்றது. அதற்கு முன்னரே, 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், அரசு கட்டிக் கொடுப்பதைவிடச் சிறுகடன் கொடுத்து மக்களையே கட்டவிடுதல் மேலெனக் கண்டது. பாடம் நம் நாட்டிலேயே இருந்தது. நெருக்கடி வந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். 'நீவிர் போற்றும் இவ்வளவு சீதனத்தின் மேலன்றோ நிற்கின்றது? மகளுக்கு வீடு கட்டுதற்காகத் தந்தை கடன்படுகின்றான். தாய் அரபுநாடு சென்று பணிப்பெண்ணாகின்றாள். அம்மரபு அழிதல் நன்றன்றோ?' என்பர். இத்தடை வலிமையுடையதே. சீதனத்தின் சுமையை யானும் போற்றேன். ஆயினும் சுமையை நீக்குதல் வேறு. பெண்ணின் உரிமையை நீக்குதல் வேறு. வீட்டின் உறுதியைக் கணவன் பெயரில் எழுதுதலால் தந்தையின் கடன் குறைவதில்லை; அடுத்த மகளுக்கு அவன் மீண்டும் கட்டவே வேண்டும். மகள் மட்டும், மணவாழ்வு முறியின் நிற்க நிழலின்றித் தவிப்பாள். திருத்துவோர் சுமையைத் திருத்துக, துணையை முறியாதிருக்க.

முடிவாக ஒன்று கூறுவேன். வீடமைப்புத் திட்டமொன்றை நாம் திறப்புவிழா நாளிலே மதிப்பிடுகின்றோம்; நாடா வெட்டப்படுகின்றது, திறவுகோல் கைமாறுகின்றது, எண்ணிக்கை ஏட்டிலேறுகின்றது. அதற்குரிய நாள் அஃதன்று. அவ்வீட்டின் மூத்த மகளுக்கு மணம் நிகழும் நாளே அதனை அளத்தற்குரிய நாள். அன்று அவளுக்கு அவ்வீடு உரியதா? தங்கைக்கு இன்னோர் அறை எழுப்ப இடமுண்டா? தாய் கூப்பிடு தூரத்தில் இருப்பாளா? அயலில் வாழும் வேற்றினத்தார் அத்திருமணத்திற்கு அச்சமின்றி வருவாரா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடை கூறவல்ல மனையே குடியாகும். ஏனையவை கட்டி முடித்த கணக்கில் அடங்குவன.