பரிசுக் காளையின் அழகு

மரத்தில் செதுக்கி அச்சிடும் கலையில் தாமஸ் பியூயிக் இங்கிலாந்தின் பெரிய கை. பறவையின் இறகும் நாயின் ரோமமும் அவர் உளிக்குக் கட்டுப்பட்டவை. டர்ஹம் மாவட்டத்துப் பார்ம்ப்டனுக்கு, கொழுத்த மாடுகளையும் ஆடுகளையும் வரைய அவரை ஒருமுறை அழைத்தார்கள். போனார், பார்த்ததை வரைந்தார். யாருக்கும் பிடிக்கவில்லை. வேறு சில ஓவியங்களைக் காட்டி, இந்த மாதிரி வேண்டும் என்றார்கள். அந்த ஓவியங்களுக்கும் எதிரே நின்ற பிராணிகளுக்கும் சம்பந்தமே இல்லை. தன் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பைத் தன்னால் வரைய முடியாது என்று சொல்லிவிட்டார் பியூயிக். பட்ட பாடு வீணானது. தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எரிச்சல் ஆறாமல் எழுதிவைத்திருக்கிறார்.

அவர் மறுத்ததை வரைந்து கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். 1800ஐ ஒட்டிய அந்த மாட்டுப் படங்களை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். நீள்சதுரப் பெட்டியாக உடல், அதற்குக் குச்சி குச்சியாய் நாலு கால், ஒட்டவைத்தாற்போல ஒரு சின்னத் தலை. எனக்கு இந்தப் படங்கள்மேல் தனிப் பிரியம் உண்டு. மாடு எப்படி இருந்தது என்பதில் பொய் சொல்கின்றன. வளர்த்தவன் எதற்கு ஆசைப்பட்டான் என்பதைக் கூச்சமில்லாமல் காட்டிக்கொடுக்கின்றன.

அந்த ஆசையில் அன்றைக்கு ஒரு நியாயமும் இருந்தது. கொழுப்பு அப்போது காசு. மெழுகுவத்தி அதில் செய்தார்கள். உடலுழைப்பாளி வீட்டில் கொழுப்புள்ள கறிக்குத்தான் மதிப்பு. சீக்கிரம் கொழுக்கும் மாடு விவசாயியின் உண்மையான தேவை. பரிசு மேடை எப்போதும் இப்படி ஒரு தேவையிலிருந்துதான் கிளம்புகிறது. தேவை தீர்ந்த இடத்தில் நிற்கத்தான் அதற்குத் தெரிவதில்லை.

பார்ம்ப்டன் ராபர்ட் காலிங்கின் ஊர். அண்டையில் கெட்டனில் அவர் சகோதரர் சார்லஸ். ஷார்ட்ஹார்ன் என்ற மாட்டினத்துக்கு உருக்கொடுத்தவர்கள் இந்த இருவரும். லெஸ்டர்ஷயரின் ராபர்ட் பேக்வெல் அதற்கு முன்பே, நல்லதை நல்லதோடு, அதுவும் நெருங்கிய இரத்தத்திலேயே சேர்த்தால் குணம் கெட்டிப்படும் என்று ஆடுகளில் செய்துகாட்டியிருந்தார். சார்லஸ் காலிங் அதை எல்லைவரை கொண்டுபோனார். ஃபேவரிட் என்ற காளையை அதன் தாய் ஃபீனிக்ஸோடு சேர்த்தார். பிறந்த கிடாரி யங் ஃபீனிக்ஸ். அதையும் ஃபேவரிட்டோடே சேர்த்தார். பிறந்தது காமெட். முறை சொல்லவே நாக்கு கூசுகிற உறவு. 1810ல் கெட்டன் பண்ணை ஏலத்தில் காமெட் 1,000 கினிக்குப் போனது. ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும் சேர்ந்தது ஒரு கினி.

இதைக் கலை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். சிற்பிக்குக் கல் கண்ணெதிரே இருக்கிறது. உளி பிசகினால் உடனே தெரிந்துவிடும். இவர்கள் கையாண்ட பொருளோ இரத்தத்துக்குள் ஒளிந்துகிடந்தது. மரபணு என்ற சொல்கூட இல்லாத காலம். இன்று போட்ட முடிவு சரியா தப்பா என்று தெரிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஒரு ஆயுளில் இருபது முப்பது தலைமுறை பார்ப்பதற்கில்லை. கண்ணையும் ஞாபகத்தையும் நம்பிச் செய்த வேலை அது.

சார்லஸிடம் 1796ல் பிறந்த டர்ஹம் எருதுக்கு இன்னும் பெரிய புகழ். ஜான் டே என்பவர் அதை வாங்கி, தனியாக வண்டி கட்டி, 1801லிருந்து ஆறு வருடம் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக் காசு பார்த்தார். எடை 1,300 கிலோவுக்கு மேல். 1807ல் இடுப்பெலும்பு பிசகி, வேறு வழியின்றி வெட்டினார்கள். இங்கிலாந்தில் இன்றும் பல மதுக்கடைகளுக்கு அதன் பெயர். விதையடித்த மாடு; வாரிசு கிடையாது. அது தின்ற தீனிக்குக் கணக்கு எழுதியிருந்தால் எந்தக் குத்தகை விவசாயியும் வாயில் கைவைத்திருப்பான்.

மேடைக் கலையை ரசிக்காமல் அதைக் குறைசொல்லக் கூடாது. அமெரிக்கக் கறிமாட்டுக் கண்காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காளையைத் தினமும் குளிப்பாட்டி, ஊதுகுழல் யந்திரத்தால் உலர்த்தி, முடியை முன்னும் மேலுமாகச் சீவிப் பழக்குகிறார்கள். கோடையில் முடி அடர்த்தியாக வளரக் குளிரூட்டிய கொட்டகையில் கட்டுவோரும் உண்டு. போட்டியன்று காலையில் கால் முடியைப் பசை அடித்து நிமிர்த்திக் கத்தரிப்பார்கள். மெலிந்த எலும்பு தூண் மாதிரி தோன்றும். முதுகில் பள்ளம் இருந்தால் அங்கே முடியை விட்டு, மேடு இருந்தால் அங்கே வெட்டி, வாலடிவரை ஒரே கோடாக்கிவிடுவார்கள். வட்டத்துக்குள் வந்ததும், கொக்கி வைத்த நீளக் கம்பால் பின்னங்காலை அரை சாண் நகர்த்தி நிறுத்தி, அதே கம்பால் அடிவயிற்றைச் சொறிந்து கொடுப்பார்கள். மாடு சொக்கிப்போய் அசையாமல் நிற்கும்.

நடுவர் முதலில் தூரத்திலிருந்து பக்கவாட்டைப் பார்க்கிறார். பிறகு பின்னால் போய் நிற்கிறார். நடக்கவிட்டு, முன்குளம்பு பதிந்த தடத்தில் பின்குளம்பு விழுகிறதா என்று கவனிக்கிறார். அப்புறம் கை. விரல்களை ஒட்டவைத்து விலாவில் அழுத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு எவ்வளவு என்று தெரியும்; முதுகின் பின்பகுதியை அளந்தால் நல்ல கறி எவ்வளவு தேறும் என்று தெரியும். தேர்ந்த நடுவரின் கை பொய் முடியால் ஏமாறாது. முடிவை அறிவித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்து, முதலாவதை ஏன் இரண்டாவதற்கு மேலே வைத்தேன் என்று மளமளவென்று காரணம் அடுக்குவார். சங்கீத விமர்சகர்கள் அந்தத் துணிச்சலைக் கொஞ்சம் கடன் வாங்கலாம்.

ஆனால் அந்தக் கைக்கு எட்டாதவை இருக்கின்றன. கறிக்காகக் கன்று வளர்ப்பவனுக்கு ஒரு பசுவிலிருந்து வருமானம் ஆண்டுக்கு ஒரு கன்று. பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். வருடம் தவறாமல் ஈன வேண்டுமானால், ஈன்ற 82 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். அதுவும் மடியில் கன்று முட்டிக்கொண்டிருக்கும்போதே, மேய்ச்சலில் கிடைத்ததை மட்டும் தின்று. நள்ளிரவில் ஆள் உதவியில்லாமல் கன்று போட வேண்டும். கல்லும் முள்ளுமான நிலத்தில் தண்ணீருக்கு நடக்கக் குளம்பு தாங்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை காலத்தின் நீளத்தில் மட்டுமே தெரிகிற குணங்கள். கண்காட்சியோ ஒரு காலைப் பொழுது.

எனக்குப் பிடித்த மாடு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் கீலரில் ஹியூ வாட்சன் வளர்த்த கறுப்புப் பசு, பெயர் ஓல்டு கிரானி. ‘கிழட்டுப் பாட்டி’ என்றே வைத்துக்கொள்ளலாம். 1824ல் பிறந்து 29 கன்று ஈன்றது. 1859ல் செத்தது, அதுவும் முதுமையால் அல்ல, இடி விழுந்து. அபர்டீன் ஆங்கஸ் என்ற இனத்தின் வேரில் நிற்பது இப்படியொரு பசு என்பதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

அதே இனத்துக்கு நூறாண்டு கழித்து நடந்தது வேறு. 1963 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் பெர்த் காளைச் சந்தையில் லிண்டர்டிஸ் எவல்ஸ் என்ற ஆங்கஸ் காளையை ஓர் அமெரிக்கர் 60,000 கினி கொடுத்து வாங்கினார். உலகமே பேசிய விலை. பிறகுதான் தெரிந்தது, காளைக்குச் சினைப்படுத்தும் திறன் இல்லை.

பெயருக்கு மயங்கிய கதையும் இருக்கிறது. ஷார்ட்ஹார்னில் தாமஸ் பேட்ஸ் உருவாக்கிய டச்சஸ் வம்சத்தின்மேல் பணக்காரர்களுக்குப் பித்து. வம்சம் கலப்படமாகக் கூடாதென்று உள்ளுக்குள்ளேயே சேர்த்ததில் சினை பிடிப்பது குறைந்துகொண்டே போனது. அரிதாகப் பிறந்ததால் விலை இன்னும் ஏறியது! 1873 செப்டம்பர் 10 அன்று நியூயார்க் மில்ஸ் ஏலத்தில் ‘எட்டாவது டச்சஸ் ஆஃப் ஜெனீவா’ 40,600 டாலருக்குப் போனாள். அமெரிக்காவின் பெரிய நிதி நெருக்கடி வெடித்தது அதிலிருந்து எட்டாம் நாள்.

இவையெல்லாம் செல்வந்தர் விளையாட்டு என்று விட்டுவிடலாம். 1940களிலும் 50களிலும் நடந்ததை அப்படி விட முடியாது. அமெரிக்க மேடைகள் அப்போது கட்டையான, அகன்ற, தரையோடு தரையாக நிற்கும் மாடுகளைக் கொண்டாடின. சின்னக் குடும்பத்துக்குச் சின்னக் கறித்துண்டு, சீக்கிரம் முற்றும் மாடு என்று இதற்கும் தொடக்கத்தில் ஒரு நியாயம் சொன்னார்கள். பட்டம் வென்ற காளையின் முதுகு, பிடித்து நிற்பவனின் இடைவார் உயரத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஹியர்ஃபோர்ட், ஆங்கஸ் மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. புடைத்த நெற்றி, பானை வயிறு, இழுத்து இழுத்து விடும் மூச்சு. ‘சீறும் குள்ளன்’ என்றே பெயர் வைத்தார்கள்.

குள்ளத்தனம் ஒளிந்து வரும் மரபணு. தாய் தகப்பன் இருவரிடமும் இருந்தால்தான் நாலில் ஒன்று குள்ளமாகப் பிறக்கும். ஒரு பிரதி மட்டும் சுமக்கிற மாடு வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். சொல்லப்போனால் மற்றதைவிடச் சற்றுக் கட்டையாக, முகம் அகன்று, அந்தக் கால ரசனைக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும். நடுவர்களின் கூர்மையான கண் தெரியாமலே நோயைச் சுமப்பவற்றையே பொறுக்கி எடுத்துப் பரிசு கொடுத்தது. கண் மழுங்கியிருந்தால் சேதம் குறைந்திருக்கும். குள்ளக் கன்றை ஊருக்குத் தெரியாமல் புதைத்தவர்களும் இருந்தார்கள். தெரிந்தால் மந்தை முழுக்க விலைபோகாது.

பிறகு ஊசல் மறுபக்கம் ஓடியது. பிரான்சின் ஷரோலே, சுவிட்சர்லாந்தின் சிமென்டால் போன்ற பெரிய இனங்கள் வந்தன. 1969ல் சிகாகோ சர்வதேசக் கண்காட்சியில் முதல் பரிசு வென்றது ஷரோலேயும் ஆங்கஸும் கலந்த கலப்பின மாடு. தூய இனக்காரர்களுக்கு இடி. எண்பதுகளில் நடுவர்கள் உயரத்தையே வெறியாகத் துரத்த, பிடித்து நிற்பவனின் தோளுக்கு மேல் முதுகு வந்த ஒட்டகங்கள் பட்டம் வாங்கின. பசு பெரிதானால் தீனி அதிகம். கன்று பெரிதானால் பிரசவத்தில் ஆள் வேண்டும். மலையோரப் பண்ணைக்காரர்கள் அந்தக் காளைகளைச் சத்தமில்லாமல் தவிர்த்தார்கள்.

இந்த வரலாற்றில் நான் கும்பிடுகிற மனிதர் ஏமஸ் க்ரூக்ஷாங்க். அபர்டீன் பக்கம் சிட்டிடனில் பண்ணை வைத்திருந்தவர். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அதிகம் பேசாதவர். டர்னிப் கிழங்கும் ஓட்ஸ் வைக்கோலும் போட்டு மாடு கொழுக்கவைத்து லண்டனுக்கு ரயிலேற்றும் சாதாரண விவசாயிகளே அவர் மனத்தில் இருந்தவர்கள். இங்கிலாந்தின் பரிசுக் காளைகளை அவரும் விலைகொடுத்து வாங்கிப் பார்த்தவர்தான், தேடியது கிடைக்கவில்லை. 1859ல் அவர் கொட்டகையிலேயே ஒரு கன்று பிறந்தது. ‘சேம்பியன் ஆஃப் இங்கிலாந்து’ என்று ஆசையோடு பெயர் வைத்து லீட்ஸ் ராயல் கண்காட்சிக்கு அனுப்பினார். அங்கே அதை யாரும் சீந்தவில்லை. ஆனால் அதன் அடர்ந்த முடியும், போட்ட தீனியைச் சதையாக்கும் வேகமும் அவர் கண்ணில் பட்டிருந்தன. விற்காமல் வைத்துக்கொண்டார். ஸ்காட்ச் ஷார்ட்ஹார்ன் என்று பிறகு உலகமெங்கும் போன மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தோற்ற காளைதான் பாட்டன். நடுவர் பார்த்த அதே மாட்டை க்ரூக்ஷாங்கும் பார்த்தார். அதைத் தினமும் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

1970களிலிருந்து எண்கள் வந்தன. ஒரு காளையின் நூற்றுக்கணக்கான கன்றுகளுடைய பிறப்பெடை, பால்மறக்கும்போது எடை எல்லாம் சேர்த்து, அதன் வாரிசுகள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்கு. மேடைக்குப் போகாத பண்ணைக்காரனுக்கு இது பெரிய விடுதலை. எண்ணுக்கும் மேடைப் புத்தி உண்டென்பது 2008ல் தெரிந்தது. கணக்கில் ஓங்கி நின்று செயற்கைக் கருவூட்டலால் அமெரிக்காவெங்கும் பரவிய ஓர் ஆங்கஸ் காளையின் வழியில், வளைந்த முதுகும் மடங்கிய கால்களுமாகச் செத்துப் பிறந்த கன்றுகள் வந்தன. பட்டியலின் உச்சியில் இருப்பதையே எல்லாரும் வாங்கினால், பரிசுக் காளைக்கும் எண் காளைக்கும் வேறுபாடு இல்லை.

அமெரிக்க ஆங்கஸ் சங்கம் சில ஆண்டுகளுக்கு முன் குளம்புக்கும் ஒரு கணக்கைச் சேர்த்தது. குளம்பு கோணலாகி நடக்க முடியாத மாடுகளைப் பண்ணைக்காரர்கள் பாதி வயதில் கழிக்க வேண்டியிருந்தது. அதை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. வளர்ப்பவன் குனிந்து குளம்பைப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மதிப்பெண் போட்டு அனுப்புகிறான். கணினி அதை வாங்கிக்கொள்கிறது. இதில் ஒன்பது வாங்கும் மாடு சிறந்ததல்ல, ஐந்து வாங்குவதுதான் சிறந்தது.