திரும்பி வருவீர்களா?

வாலாஜாபாத்தில் எனக்கு ஒரு நெசவாளர் நண்பர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தின் நடுவில் தறி. தறிக்குப் போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் சமையல், தூக்கம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம்.

போன வருஷம் அந்த வீட்டுக்குத் தாய்லாந்திலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். அங்கே அரசுப் பள்ளியில் நெசவு சொல்லித் தருகிறவர். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்க்கிற கோர்வை வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று வந்து ஒரு மாசம் தங்கினார். அண்ணிக்குத் தாய்மொழி தவிர வேறு தெரியாது. வந்தவருக்கும் தாய் மொழிதான். என்ன, இரண்டும் வேறு வேறு! ஆனால் மூன்றாம் நாளே அவர் ரசத்துக்குப் பழகிவிட்டார். அண்ணி அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு நெசவுக் கண்காட்சி. பத்து நாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தங்கும் இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. வேலை கிடையாது, சம்பளம் கிடையாது. டீச்சருக்கு வந்த அழைப்பில், "உங்களுக்கு நெசவு சொல்லித் தந்தவரையும் அழைத்து வாருங்கள்" என்று ஒரு வரி இருந்தது. அண்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"தம்பி, நீ பி.காம். படிச்சவன்தானே, இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் பாரேன்" என்றார். ஆக, ஒரு தாய்லாந்துக்காரருக்கும் ஒரு வாலாஜாபாத்காரருக்கும் ஒரே நேரத்தில் ஐரோப்பிய டூரிஸ்ட் விசா வாங்கித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் பாடம் உடனே கிடைத்தது. "டீச்சரம்மாவும் சென்னையிலயே குடுத்துடட்டும், எதுக்கு ஊருக்குப் போய் வரணும்?" என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான். ஆனால் ஐரோப்பாவின் விசாச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் எந்த நாட்டில் சட்டப்படி குடியிருக்கிறீர்களோ, பொதுவாக அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றிப் பார்க்க வந்த நாட்டிலிருந்து விண்ணப்பித்தால், ஏன் இங்கே என்று தக்க காரணம் காட்ட வேண்டும். 'எனக்கு வாலாஜாபாத் பிடித்திருக்கிறது' என்பது தக்க காரணம் ஆகாது. டீச்சர் பாங்காக் போனார். அவருடைய ஃபாரத்தை நான் இங்கிருந்து வாட்ஸ்அப்பில் நிரப்பினேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் பாங்காக்கில் போய் இறங்கலாம். தாய்லாந்துக்காரர் அந்தப் பக்கம் போகத்தான் வரிசை. எங்கள் மக்களுக்கும் கதவைத் திறங்கள் என்று 2024-இல் அப்போதைய தாய்லாந்துப் பிரதமர் ஸ்ரெத்தா பிரான்ஸிடமும் ஜெர்மனியிடமும் கேட்டுப் பார்த்தார். விருந்தாளிகளை வாரி வரவேற்கிற நாட்டுக்கே இந்தக் கதி!

டீச்சரின் காகிதங்கள் சுலபமாக முடிந்தன. பள்ளியின் லீவ் சான்றிதழ், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ். விசா வந்துவிட்டது.

அண்ணன் கதைக்கு வருகிறேன். சம்பளச் சீட்டு? கிடையாது, கூலிதான். வேலை கொடுப்பவரின் கடிதம்? கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ்புக் உண்டு. வருமான வரிக் கணக்கு? வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் வந்தால்தானே. லீவ் லெட்டர்? "என் தறிக்கு நானே எப்படித் தம்பி லீவு குடுக்கிறது?" பேங்கில் நாற்பதாயிரத்துச் சொச்சம். ஒரு ஏஜென்ட் யோசனை சொன்னார்: "மூணு லட்சம் வட்டிக்கு வாங்கி அக்கவுன்ட்ல போட்டு வைங்க. விசா வந்ததும் எடுத்துக் குடுத்துடலாம்." நான் வேண்டாம் என்றேன். திடீரென்று முளைக்கிற பணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பி.காம். போதும். தவிர, பொய்க் கணக்கு காட்டி வாங்குகிற விசாவை அண்ணன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க மாட்டார்.

உண்மையை உள்ளபடி எழுதிக் கொடுத்தோம். விரல் ரேகை வைத்தார். ஜரிகையில் தேய்ந்த விரல். மெஷின் மூன்றாவது தடவைதான் ஏற்றுக்கொண்டது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. அச்சடித்த ஃபாரம், அதில் ஒரு கட்டத்தில் டிக். அந்தக் கட்டத்துக்கு எதிரே உள்ள வாசகத்தின் பொருள் இதுதான்: 'விசா முடிவதற்குள் நீங்கள் எங்கள் எல்லையை விட்டு வெளியேறுவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் உள்ளது.'

தமிழில் படித்துச் சொன்னேன். "அதாவது, நான் திரும்பி வரமாட்டேன்றாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தறியைத் திரும்பிப் பார்த்தார்.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் பள்ளம் தோண்டி, அதில் கால்களைத் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதித்து நெய்வது குழித்தறி. அதைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக முடியாது. இந்தத் தறிக்குழியை வெட்டியவர் அண்ணனுடைய தாத்தா. பூமிக்குள் கால் புதைத்து உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்து, ஊரோடு உனக்கு என்ன பிடிப்பு என்று கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தச் சேலை இந்த மண்ணுக்குத்தான் சொந்தம் என்பதற்குச் சட்டப்படி அத்தாட்சி. சேலைக்கு மண்ணோடு உள்ள உறவுக்குச் சர்டிஃபிகேட் இருக்கிறது. நெய்தவருக்கு இல்லை!

ஐரோப்பாக்காரன் எல்லாம் விசா வாங்கிக்கொண்டா இங்கே வந்தான் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் வீர வசனங்கள் வரும். அதையெல்லாம் கவுன்ட்டரில் சொல்லி விசா வாங்க முடியாது. ஆனால் வாலாஜாபாத் என்ற பெயர் ஒரு கணக்கு வழக்கை ஞாபகப்படுத்துகிறது. வாலாஜா என்பது ஆற்காடு நவாப் முகமது அலியின் பட்டம். கடன் வாங்குவதில் நவாப் மகா தாராளம். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளே சொந்தப் பொறுப்பில் அவருக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமென்ட்டில் அந்தக் கடன்களைப் பற்றி மட்டுமே ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்ற வேண்டியிருந்தது. 1801-இல் கர்நாடக ராஜ்யமே கம்பெனியிடம் போய்விட்டது. பேலன்ஸே இல்லாத நவாபை நம்பிக் கடன் கொடுத்தார்கள். ஏனென்றால் அதில் லாபம் இருந்தது. நாற்பதாயிரம் பேலன்ஸ் உள்ள நெசவாளரைப் பத்து நாள் நம்ப முடியவில்லை. ஆக, அன்றும் இன்றும் நம்பிக்கை என்பது ஆளைப் பார்த்து வருவதில்லை.

அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிற உரிமை எல்லா நாட்டுக்கும் உண்டு. நமக்கும் உண்டு, நாமும் பக்கத்து நாட்டுக்காரர்களைக் காக்க வைக்கிறோம். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே காணாமல் போனவர்களும் நம்மில் உண்டு. ஏஜென்ட்டுகளின் மூன்று லட்ச ரூபாய் வித்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் அதிகாரிகள் எல்லாரையும் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024-இல் இந்தியாவில் 11 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். நிராகரிக்கப்பட்டவை சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். நூற்றுக்குப் பதினைந்து. கட்டணம் 2024 ஜூன் 11 வரை 80 யூரோ, அதற்குப் பிறகு 90. இல்லை என்று சொன்னால் திருப்பித் தர மாட்டார்கள். சராசரி 85 என்று வைத்தால் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் யூரோ. பரிசீலிக்கிற வேலைக்குக் கூலி என்கிறார்கள். சரி, கூலியை நான் மறுக்கவில்லை. கூலி வாங்கினால் வேலையைச் செய்ய வேண்டும் என்கிறேன். ஒரு சேலைக்கு அண்ணன் வாங்குகிற கூலியைவிட அதிகமாகச் செலவழித்தோம். கிடைத்தது ஒரு டிக்.

இத்தனைக்கும் சட்டம் மோசமில்லை. திரும்பிப் போவார் என்பதற்கு எதையெல்லாம் ஆதாரமாகப் பார்க்கலாம் என்று அந்த விசாச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது. டிக்கெட், பணம், வேலை, சொத்து. அதோடு, சொந்த நாட்டில் வேரூன்றி இருப்பதற்கான சான்று: குடும்ப உறவு, தொழில்நிலை. ஆக, தறிக்குழிக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கவுன்ட்டருக்கு வந்து சேர்வதற்குள் அது பேங்க் ஸ்டேட்மென்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. முடிவை எதிர்த்து முறையிடும் உரிமையும் சட்டத்தில் உண்டு. எப்படி என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கிற வழியை 2025 ஜூலை 1 முதல் மூடிவிட்டார்கள். இனி பெர்லின் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போகவே நம் ஜனங்களுக்குப் பயம். பெர்லினாம்!

நம் பக்கத்துக் குற்றமும் சிறியதில்லை. கைத்தறி நம் பெருமை என்று மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் நாற்பது வருஷமாக நெய்கிறவர் கையில், இவர் இன்ன தொழில், இன்ன வருஷத்திலிருந்து சங்கத்தில் உறுப்பினர், வருஷத்துக்கு இத்தனை சேலை, இத்தனை கூலி என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கக் காகிதம் இல்லை. சங்கத்தின் பேரேட்டில் எல்லாம் இருக்கிறது. எடுத்து எழுதி முத்திரை வைத்துக் கொடுக்க அரை மணி நேரம் ஆகும். நானும் குற்றவாளிதான். அந்தப் பின்னிணைப்பை நான் படித்தது நிராகரிப்பு வந்த பிறகு. முன்பே படித்திருந்தால் தறியைப் போட்டோ எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடும் ரேஷன் கார்டோடும் மொழிபெயர்த்து இணைத்திருப்பேன். நீங்கள் யாருக்காவது ஃபாரம் நிரப்பப் போகிறீர்கள் என்றால் அதைச் செய்யுங்கள்.

டீச்சர் தனியாகப் போய்விட்டு, பத்தாம் நாள் சொன்னபடி ஊர் திரும்பினார். கண்காட்சியில் அண்ணன் நெய்த சேலையை மாட்டி வைத்து, பக்கத்தில் நின்று போட்டோ அனுப்பியிருந்தார். சேலைக்கு விசா தேவைப்படவில்லை.

அந்தக் கண்காட்சிக்காரர்களில் ஒருவர் வருகிற தை மாசம் வாலாஜாபாத் வருகிறாராம், தறியைப் பார்க்க. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் நம் இ-விசா வாங்கிவிட்டார். விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். அன்றைக்குப் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும் தம்பி. நான் எங்க போவப் போறேன்?" என்றார், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.