படியும் நடுகல்லும்

கலைப்பொருள்கள் இருவகையால் அழிகின்றன. ஒன்று காலத்தால் நேர்வது. மற்றையது மனிதர் கையால் நேர்வது. முன்னதற்கு வருந்துவோர் உளரேனும் அதனோடு வழக்காடுவார் இலர். பின்னது நேர்ந்தவிடத்தோ, 'இனிச் செய்யத்தக்கது யாது?' என்னும் வினா எழாமற் போவதில்லை. அழிந்ததை அழிந்தவாறே விட்டுவிடுவதா? அதே உருவை மீளச் செய்து வைப்பதா? அன்றி வேறொரு வழி உண்டா? நூல்களும் ஏடுகளும் தீக்கிரையானதை அறிந்த நாட்டவராகிய எமக்கு இவ்வினா அயலாருடையதன்று. 2016ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் இலண்டன் மாநகரின் திரபல்கார் சதுக்கத்தில் நிறுவப்பெற்ற இரு படைப்புகள் இதற்கு இருவேறு விடைகளைத் தந்தன. அவ்விரண்டனையும் ஒப்புநோக்கி மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, சிரியாவிலுள்ள பல்மீரா நகரின் வெற்றி வளைவினது படி. உரோமப் பேரரசன் செப்ரிமியசு செவெரசின் காலத்தை ஒட்டி எழுந்த அவ்வளைவை, 'இஸ்லாமிய அரசு' எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஆயுதக் குழுவினர் 2015 ஒக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தனர். ஒளிப்படங்களைக் கொண்டு கணனி வழியாக அதன் உருவம் கணிக்கப்பட்டது; இத்தாலியில் இயந்திரங்கள் எகிப்தியச் சலவைக்கல்லில் அதனைச் செதுக்கின. மூலத்தின் மூன்றிலிரு பங்கு அளவினதாகிய அப்படி, 2016 ஏப்பிரல் 19ஆந் திகதி சதுக்கத்திலே திறந்துவைக்கப்பட்டு, மூன்று நாள்கள் நின்று, பின்னர் வேற்று நாட்டு நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இதனைச் செய்தோரின் நன்னோக்கம் ஐயத்துக்கு இடமற்றது. அழிப்பவன் கையே இறுதிக் கையாக இருத்தலாகாது என அவர்கள் கருதினர். ஆயின், விளைந்த பொருளை விளைந்தவாறே நோக்குமிடத்து அதன் குறை புலனாகும். கல் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. நூற்றாண்டுகளின் வெயிலும் மணற்காற்றும் அதன்மேற் படவில்லை. வெடிமருந்தின் வடுவும் படவில்லை. பழமையும் அழிவும் ஒருங்கே நீக்கப்பட்ட உருவம் எந்தக் காலத்துக்கு உரியது? இன்னொன்றும் சொல்லத்தக்கது. பல்மீராவின் தொல்பொருள்களை நாற்பது ஆண்டுகள் காத்துவந்த அறிஞர் காலித் அல்-அசாத், எண்பது வயது கடந்த நிலையில், 2015 ஓகஸ்ட் மாதம் அதே குழுவினராற் கொல்லப்பட்டார். வளைவைக் கண்டு சென்றவருக்கு அக்கல்லின் எப்பகுதியும் அவரை நினைவூட்டியிராது. இழப்பு சீர்செய்யப்பட்டுவிட்டது என்னும் ஆறுதலையே அது தந்தது. அவ்வாறுதல் உண்மைக்கு மாறானது.

இரண்டாவது படைப்பு மைக்கேல் ரக்கோவிற்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞருடையது. 1973இற் பிறந்த இவருடைய தாய்வழி முன்னோர் 1946இல் ஈராக்கை விட்டு நீங்கிய பக்தாத் யூதர் ஆவர். 2003 ஏப்பிரலில், அமெரிக்கப் படைகள் பக்தாதினுள் நுழைந்த நாள்களில், ஈராக் தேசிய நூதனசாலை சூறையாடப்பட்டு ஏறத்தாழ 15,000 பொருள்கள் களவுபோயின. உருக்கின் கற்சாடி போன்ற சில மீண்டன, பல மீளவில்லை. காணாமற்போன அப்பொருள்களை, அவற்றின் உண்மையளவிலேயே, உணவுப் பொருள்களின் பொதியுறைகளாலும் அரபுப் பத்திரிகைத் தாள்களாலும் செய்து, 2007 முதல் ரக்கோவிற்ஸ் காட்சிக்கு வைத்துவருகின்றார். இவ்வரிசைக்கு அவர் இட்ட பெயர் 'கண்ணுக்குப் புலனாகாப் பகைவன் இல்லாதொழிக' எனப் பொருள்படுவது. பண்டைப் பாபிலோனில் இஷ்தார் வாயிலின் ஊடாகச் சென்ற ஊர்வலப் பெருவீதியின் பெயரே அது. அவ்வாயிலும் இன்று தன் மண்ணில் இல்லை. செருமானிய அகழ்வாளராற் பேர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அதன் செங்கற்கள், 1930இல் பெர்கமொன் நூதனசாலையில் மீளப் பொருத்தப்பட்டன. பெயரைத் தெரிந்த திறன் பாராட்டத்தக்கது. களவுப்பொருளைத் தொலைவிலிருந்து விலைகொடுத்து வாங்குவோனைக் காட்டிலும் கண்ணுக்குப் புலனாகாப் பகைவன் வேறு யாவன்?

இவ்வரிசையில் வந்ததே திரபல்கார் சதுக்கத்து லமாசு. காளையின் உடலும் கழுகின் சிறகும் மனிதனின் தலையும் கொண்ட லமாசு, அசீரியரின் கோட்டை வாயில்களைக் காத்து நின்ற தெய்வம். நினிவே நகரின் நேர்கால் வாயிலில் ஏறத்தாழ கி.மு. 700 முதல் நின்ற ஒரு லமாசுவை, முற்கூறிய குழுவினரே 2015இல் துளைபொறி கொண்டு சிதைத்தனர். நாலாம் வில்லியம் மன்னனின் குதிரைச் சிலைக்கெனக் கட்டப்பட்டு, பணம் போதாமையால் 1841 முதல் வெறுமையாய்க் கிடந்த பீடம் ஒன்று சதுக்கத்தில் உண்டு. 1999 முதல் அது தற்காலச் சிற்பங்களுக்கு இடமாகியது. அதன்மீது 2018 மார்ச் 28ஆந் திகதி ரக்கோவிற்ஸின் லமாசு ஏறியது. ஏறத்தாழப் பதினான்கடி நீளமுள்ள அவ்வுருவம் 10,500 பேரீச்சம்பாணிப் பேணிகளால் ஆயது. 2020 வரை அது அங்கே நின்றது.

பேரீச்சம்பாணிப் பேணி எற்றுக்கு? 1970களில் ஈராக்கில் 30 மில்லியன் அளவிற் பேரீச்ச மரங்கள் நின்றன என்பர். 1980 முதல் 1988 வரை ஈரானுடன் நடந்த போரிலே தென்னாட்டுத் தோப்புகள் பெருமளவு அழிந்தன. 1990இல் வந்த வணிகத் தடை எஞ்சியதன் சந்தையையும் அடைத்தது. ஈராக்கிய விளைபொருள், அயல்நாடுகளின் வழியே சென்று, லெபனானிற் செய்யப்பட்டது என்னும் பெயர்த்தாளுடன் அமெரிக்கக் கடைகளை அடைந்தது. தன் ஊர்ப்பெயரைச் சொல்ல இயலாத பொருளாயிற்று ஈராக்கின் பழம். இதனை அறிந்த பின்னர் அப்பேணிகள் வெறும் பேணிகளாய்த் தோன்றா. சிற்பம் அழிந்த கதையையும் உழவர் அழிந்த கதையையும் அவை ஒருங்கே உரைக்கின்றன. கல் உடைந்ததற்கு உலகம் அழுதது. தோப்புக் கருகியதற்கு அழுதார் சிலரே. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் தகாது என்பதே கலைஞரின் வாதம் என யாம் கொள்கின்றோம்.

இனி, உருவத்தை நோக்குவாம். அளவு மூலத்தின் அளவே. ஆயினும் இது மூலம் என எவரையும் மயக்குவதன்று. பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பேணிகள் வெயிலில் மின்னுகின்றன. கல்லாலான லமாசு வாயிலோடு ஒன்றி நின்ற பாரம். தகர லமாசுவோ உள்ளீடற்றது. வெற்றுப் பேணி என்பது, உள்ளே ஒன்று இருந்தது, இப்பொழுது இல்லை என்பதற்குச் சான்றாகும். பொருளின் இயல்பே கருத்தாகிவிட்ட இவ்விடத்திற் கலைஞரின் ஆற்றல் நன்கு விளங்குகின்றது. நிம்ருத் நகரின் வடமேற்கு அரண்மனையிலிருந்து 2015இல் தகர்க்கப்பட்ட புடைப்புச் சிற்பங்களை மீளச் செய்தபொழுதும் இந்நேர்மையை அவர் கைவிடவில்லை. அழியும் நாள்வரை சுவரில் இருந்தவற்றை மட்டுமே செய்தார். முன்னரே மேனாட்டு நூதனசாலைகள் பெயர்த்துச் சென்றவற்றின் இடங்களை வெறுமையாகவே விட்டார். துளைபொறியால் வந்த இழப்பும் கப்பலேறிச் சென்ற இழப்பும் அச்சுவரில் அருகருகே காணப்படுகின்றன.

இவ்வேறுபாட்டை விளக்கத் தமிழ் மரபில் ஒரு சொல் உண்டு. அது நடுகல். போரிற் பட்ட வீரனுக்குக் கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறும். நடுகல், வீரனை மீட்டுத் தருவதாகச் சொல்வதில்லை. அவனுடைய பெயரும் பீடும் அவன் வீழ்ந்தமையும் அக்கல்லில் உள. அவன் இல்லை என்பதை மறைக்காமலே அவனை ஊர் நடுவில் நிறுத்துகின்றது அக்கல். பல்மீரா வளைவு ஒரு படி. தகர லமாசு ஒரு நடுகல். படிக்குச் செம்மை வேண்டும். நடுகல்லுக்கு வாய்மை வேண்டும்.

நடுகல்லுக்கு இடமும் இன்றியமையாதது. திரபல்கார் சதுக்கம் நெல்சனின் வெற்றித்தூண் நிற்கும் இடம். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே பிரித்தானிய நூதனசாலை உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட கல் லமாசுகள் அங்கே நிற்கின்றன. காத்ததும் கவர்ந்ததும் ஒன்றாய்விட்ட அவ்வூரில், தகர லமாசுவின் நிற்பே ஒரு வினாவாயிற்று. கலைஞர் அதனைக் குறிப்பளவில் விடவில்லை. 2023இல், தம் படைப்பை ரேற் மொடேர்ண் கலைக்கூடத்துக்கு ஈவதற்கு முன்வந்தபோது, பிரித்தானிய நூதனசாலை லமாசு ஒன்றை ஈராக்குக்குத் திருப்பியளிக்க வேண்டும் என்னும் வேண்டுகோளையும் உடன்வைத்தார்.

இப்படைப்பு குறையற்றது என்பது எமது கருத்தன்று. தொன்மையான தெய்வத்தைத் தகரத்தாற் செய்தல் இழிவன்றோ என்பார்க்கு விடை எளிது: இழிவு செய்தவன் துளைபொறி ஏந்தியவனே. வேறிரு குறைகள் வலியன. பேணியின் வரலாற்றை எவரேனும் எடுத்துரைத்தாலன்றி, வழிப்போக்கனுக்கு அது பலநிறக் காளையாகவே தோன்றும். உரையை வேண்டிநிற்றல் சிற்பத்துக்கு ஒரு குறையே. அதனினும் பெரிது, மொசூல் மக்கள் இழந்ததற்கு எழுந்த நினைவுச்சின்னத்தை இலண்டன் மக்களே கண்டனர் என்பது. உடைந்த துண்டுகளைத் திரட்டி இணைக்கும் தொல்லியலாரின் பணிக்கும், சிதைந்த நூதனசாலையை அவ்வூரிலேயே எழுப்பும் பணிக்கும் எக்கலைப்படைப்பும் ஈடாகாது. ரக்கோவிற்ஸும் அவ்வாறு உரிமை கோரவில்லை என்பதைக் கருதி, இக்குறையை ஒருவாறு பொறுக்கலாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பழைய வடிவைத் தழுவி அக்கட்டடம் புதுக்கப்பட்டு 2003 முதல் மீண்டும் இயங்குகின்றது. அது வேண்டியதே, நூலகம் வாசிப்பதற்கு உரியது. ஆயினும் வெண்சுவரை மட்டும் காணும் இளைய மாணாக்கனுக்கு எரிந்த ஏட்டின் கதையை உரைப்பது எது? படி அப்பணியைச் செய்யாது. அதற்கு வேண்டுவது நடுகல். அது கல்லாலும் ஆகலாம், சொல்லாலும் ஆகலாம், வெறும் பேணியாலும் ஆகலாம். மீளக் கட்டுவோரும் இழப்பை உரைப்போரும் ஒருவரையொருவர் விலக்காது பணிசெய்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.