வீட்டு நாஸ்: மிச்சத்தைப் பெட்டியில் பிடியுங்கள், நகலில் வேண்டாம்

கூகுள் போட்டோஸ் தன் வரம்பில்லா இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியபோது, குடும்பப் படங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதற்குச் சொல்லப்படும் பதில்களில் ஒன்று நாஸ். ரவுட்டரோடு இணைந்து, வீட்டிலுள்ள எல்லா போன்களுக்கும் லேப்டாப்களுக்கும் பொதுவாக இயங்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி அது. வாங்கப் போனால் பேச்செல்லாம் பிராசஸர், ரேம், எத்தனை டிஸ்க் போடலாம் என்பதைச் சுற்றியே இருக்கும். சைனாலஜி நிறுவனத்தின் டிஎஸ்223-ஐயும் அதற்கு ஒரு படி மேலான டிஎஸ்224 பிளஸ்ஸையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு வேறு. வீட்டுக்கு விலை குறைந்த பெட்டியே போதும். மிச்சமாகும் பணம் இரண்டாவது நகலுக்குப் போக வேண்டும்.

முதலில் வேகம். டிஎஸ்223-இல் 1.7 கிகாஹெர்ட்ஸ் நான்கு கோர் ரியல்டெக் சிப்பும், கூட்டிக்கொள்ள முடியாத 2 ஜிபி ரேமும் இருக்கின்றன. டிஎஸ்224 பிளஸ்ஸில் இன்டெல் செலரான் ஜே4125. அதன் ரேமை 6 ஜிபி வரை கூட்டலாம். தாளில் பெரிய வித்தியாசம்தான். ஆனால் இரண்டிலும் இருப்பது 1 கிகாபிட் லேன் போர்ட். அந்த கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி அளவில்தான் போகும்; இன்றைய ஹார்ட் டிஸ்க்குகள் அதைவிட வேகமாகவே படிக்கும். ஆக, தடை கேபிளில்தான். பிளஸ்ஸில் இரண்டு போர்ட் உண்டே என்றால், லேப்டாப்பிலிருந்து வருவது ஒரே கேபிள்தான். இன்டெல் சிப் உண்மையில் உதவுவது பிளெக்ஸ் போன்ற வீடியோ செயலியில் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது. இன்றைய டிவிகளும் போன்களும் பெரும்பாலான வீடியோக்களை அப்படியே ஓட்டிவிடுவதால் அந்தத் தேவையும் குறைந்துவிட்டது. சைனாலஜியே 2024-இல் தன் நாஸ் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2.2 பதிப்பில் வீடியோ ஸ்டேஷன் செயலியை நீக்கிவிட்டது. கன்டெய்னர்கள் (தனித்தனி உறைகளில் இயங்கும் மென்பொருள்கள்) பலவற்றை ஓட்டப்போகிறவர் பிளஸ்ஸை வாங்கட்டும். படமும் ஆவணமும் சேமிக்கிற குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் விலை பயன் தராது.

இரண்டு டிஸ்க் போட்டாயிற்றே, அதுவே பேக்கப்தானே என்று கேட்கலாம். இல்லை. 4 டிபி டிஸ்க் இரண்டை ஒன்றுக்கொன்று நகலாகப் போட்டால் பயன்படுத்தக் கிடைப்பது 4 டிபிதான். ஒன்றில் எழுதுவது உடனே மற்றதிலும் பதிவாகும். ஒரு டிஸ்க் பழுதானால் பெட்டி பீப் அடித்து எச்சரிக்கும், வேலையும் நிற்காது. ஆனால் யாரோ தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தாலோ, லேப்டாப்பில் புகுந்த ரான்சம்வேர் (பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் தீய மென்பொருள்) பகிர்ந்த ஃபோல்டரைப் பூட்டினாலோ, சேதமும் இரண்டு டிஸ்க்கிலும் பதிவாகிவிடும். இங்கே கோப்புகளின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி கைகொடுக்கிறது. டிஸ்க்கைத் தயார் செய்யும்போது பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி நேரம் குறித்துவிட வேண்டும். அவற்றைக் காட்டும் அமைப்பை இயக்கினால், பகிர்ந்த ஃபோல்டருக்குள்ளேயே இன்னொரு ஃபோல்டர் தோன்றும். அதில் தேதிவாரியாகப் பழைய நிலைகள் வரிசையாக இருக்கும். வேண்டிய நாளைத் திறந்து கோப்பை வெளியே இழுத்துக்கொள்ளலாம். இந்த வசதி விலை குறைந்த டிஎஸ்223-இலேயே இருக்கிறது.

திருட்டு, தீ, மின்னழுத்த ஏற்றம் ஆகியவற்றுக்கு ஸ்னாப்ஷாட்டும் பதில் ஆகாது. பெட்டியோடு அதுவும் போய்விடும். அதனால்தான் தனியாக ஒரு வெளி டிஸ்க் கட்டாயம். டிஎஸ்223-இன் முகப்பில் ஒரு யுஎஸ்பி போர்ட்டும் நகலெடுக்கும் பொத்தானும் உண்டு. எந்த ஃபோல்டர் நகலாக வேண்டும் என்று ஒருமுறை அமைத்துவிட்டால், டிஸ்க்கைச் செருகிப் பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் பழக்கமில்லாத பெரியவர்கூடச் செய்யலாம். நகலான டிஸ்க்கை உறவினர் வீட்டில் வைப்பது நல்லது. இதற்கு அடுத்த செலவு, யுஎஸ்பி மூலம் பெட்டியோடு பேசும் சிறிய யுபிஎஸ். கரண்ட் போய் பேட்டரியும் குறைந்தால், எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுப் பெட்டி தானே பாதுகாப்பு நிலைக்குச் செல்லும்.

டிஸ்க் வாங்குவதிலும் கவனம் வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் முறையை வெளிப்படையாகச் சொல்லாமல் பயன்படுத்தியது 2020-இல் தெரியவந்தது. இந்த முறையில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைகின்றன. ஒன்றை மாற்றி எழுத அடுத்தவற்றையும் எழுத வேண்டும். பழுதான டிஸ்க்குக்குப் பதிலாகப் புதியதை நிரப்பும் நேரத்தில் இது பெரும் தாமதத்தைத் தரும். அதன் பிறகு, தடங்கள் இப்படி ஏறி அமையாத சிஎம்ஆர் டிஸ்க்குகள் ரெட் பிளஸ் என்ற பெயரில் தனியே பிரிக்கப்பட்டன. ரெட் பிளஸ், சீகேட் ஐயன்வுல்ஃப் இரண்டில் எதையும் நம்பி வாங்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, கிளவுடே போதாதா என்பது நியாயமான கேள்வி. சேமிப்பு 200 ஜிபிக்குள் அடங்கும் என்றால் போதும்; நாஸ் வாங்கவே வேண்டாம். டிபி கணக்கில் படமும் வீடியோவும் சேர்ந்த வீட்டில், மாதக் கட்டணம் முடிவில்லாமல் தொடரும். ஆனால் கிளவுடைப் போலவே நாஸையும் எங்கிருந்தும் பார்க்கும் வசதி வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் டிஸ்க்குகள் இணையம் வழியாகவே துடைத்தெடுக்கப்பட்டன. 2022 ஜனவரியில் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை டெட்போல்ட் ரான்சம்வேர் பூட்டியது. இரண்டிலும் சிக்கியவை இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த கருவிகள். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக மட்டும் உள்ளே வர வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: டிஎஸ்223, இரண்டு சிஎம்ஆர் டிஸ்க், ஒரு வெளி டிஸ்க், ஒரு யுபிஎஸ். பட்ஜெட் இடித்தால் டிஸ்க்கின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளி டிஸ்க்கை மட்டும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு ஃபோல்டரை வேண்டுமென்றே அழித்து, ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் வெளி டிஸ்க்கிலிருந்தும் மீட்டுப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறினால்தான் உங்கள் படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்ல முடியும்.