கொலையாளி தெரிந்த கதை

துப்பறியும் தொடர் என்றவுடன் இலக்கியம் கற்றோர் முகஞ்சுளிப்பது நெடுநாள் வழக்கம். வெறும் பொழுதுபோக்கு, மலிவான கிளர்ச்சி, இளையோர் மனத்தைக் கெடுக்கும் குப்பை என்று சொல்லி அதனை ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்குவோரே இரவானதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அசையாமல் அமர்ந்திருப்பதும் உண்டு. அது வேறு செய்தி. மனித மனம் கொலைக் கதையை ஏன் நாடுகிறது என்னும் வினா அவ்வளவு எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. அதிலும் தமிழ் படித்தவர் அதனை ஒதுக்குவது பொருந்தாது. தமிழின் முதற்காப்பியமே ஒரு களவு வழக்கு. தவறாக ஆராயப்பட்ட வழக்கு.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைத் துப்பறியும் கதை படிக்கும் கண்ணோடு ஒருமுறை நோக்கினால் இது விளங்கும். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். பழியோ சிலம்பு விற்க வந்த கோவலன்மேல் விழுகிறது. அவனைக் காணும் காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அவர்களுக்கு ஒரு பாடமே நடத்துகிறான். உண்மைத் திருடனே குற்றவியல் வல்லுநனாக நின்று காவலரை வழிநடத்தும் இக்காட்சிக்கு ஈடான ஒன்றை எந்தத் தொலைக்காட்சித் தொடரிலும் காண்பது அரிது. தயங்கியோர் தயங்கிக்கொண்டிருக்க, களிமயக்கில் இருந்த அறிவிலி ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சான்று பின்னரே வருகிறது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்துப்பரல். கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப்பரல். தடயப் பொருளை அவையில் உடைத்துக் காட்டி வழக்கை வென்றவள் கண்ணகி. வென்று என்ன பயன்? தண்டனை முன்னரே நிறைவேறிவிட்டது.

பெரியபுராணத்தில் வரும் வழக்கு வேறு வகையானது. சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை என ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில், கிழிந்தது படியோலை, மூல ஓலை இதோ என முதியவர் எடுத்து நீட்ட, அவையோர் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்வித்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். வழக்காடியவர் இறைவனே என்பது பக்தர்க்கு முக்கியம். கையெழுத்தை ஒப்பிடாமல் அவை தீர்ப்புச் சொல்லவில்லை என்பது இங்கு முக்கியம்.

ஆக, தடயம், சாட்சி, ஐயம், தீர்ப்பு என்பன தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவலைத் தமிழுக்குக் கொணர்ந்தபோது மேனாட்டுச் சட்டையைத்தான் இரவல் வாங்கினர். உடல் இங்கேயே இருந்தது. பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ், வசந்த் இணையும் தோட்டப்புறத்து இளைஞர் கைகளிலும் புழங்கினர்.

மலேசியாவில் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. பெட்டி இருந்த வீட்டு வாசலில் லயமே கூடி அமர்ந்து பார்த்த காலம் அது. ஆங்கிலம் அறியாதோரும் அடியில் ஓடும் மலாய் எழுத்தின் துணைகொண்டு துப்பறியும் தொடர்களைப் பின்பற்றினர். மொழி புரியாத நிலையிலும் அவை எவ்வாறு பிடித்து நிறுத்தின? துரத்தலும் துப்பாக்கியும் என்பது எளிய விடை. ஆனால் போதாத விடை. மண்ணில் விழுந்த இரத்தத்திற்கு யாரேனும் ஒருவர் விடை சொல்லியே ஆகவேண்டும் என்னும் உறுதியை இத்தொடர்கள் ஒவ்வொரு கிழமையும் அளித்தன. கிராணியிடம் முறையிட்டும், கங்காணியிடம் கெஞ்சியும் நியாயம் காணாத மக்கள், ஒரு மணி நேரத்தில் நியாயம் கிடைக்கும் உலகத்தை விரும்பியதில் வியப்பில்லை.

இவ்வகைத் தொடர்களை யார் கொன்றது என்று கேட்பவை, எப்படி அகப்படுவான் என்று கேட்பவை என இரண்டாகப் பிரிக்கலாம். முன்னதற்குத் தலைசிறந்த சான்று ஷெர்லாக் ஹோம்ஸ். 1984 முதல் 1994 வரை ஜெரமி பிரெட் நடித்த பிரித்தானியத் தொடரில், அறிவின் வேட்கையால் தன்னையே எரித்துக்கொள்ளும் ஒரு மனிதர் தெரிகிறார். அதனாலேயே அது பிற ஹோம்ஸ் படங்களினும் உயர்ந்து நிற்கிறது. எனினும் இவ்வகையில் ஒரு குறை உண்டு. முடிச்சு அவிழ்ந்தபின் கதையில் எஞ்சுவது சிறிதே. கரும்பைச் சுவைத்தபின் சக்கையை யார் மீண்டும் எடுத்துக் கடிப்பர்?

இரண்டாம் வகைக்குச் சான்று கொலம்போ. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் ஆகிய இருவரும் படைத்த இத்தொடரின் முன்னோட்டப் படம் 1968-ல் வந்தது. தொடர் 1971-ல் தொடங்கியது. அவ்வாண்டு முதலில் ஒளியேறிய பகுதியை இயக்கியவர், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஸ்டீவன் ஸ்பில்பெர்க். கதை தொடங்கும்போதே கொலை நம் கண்முன் நிகழ்கிறது. கொலையாளி யார் என்பது தெரிந்துவிடுகிறது. இம்முறையை ஆஸ்டின் ஃபிரீமன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1912-ல் வெளிவந்த சிறுகதைத் தொகுதியிலேயே கையாண்டுவிட்டார். கசங்கிய மேலங்கியோடு பீட்டர் ஃபால்க் நடிக்கும் கொலம்போ, செல்வர் மாளிகைக்குள் தயங்கித் தயங்கி நுழைகிறார். விடைபெற்று வாசல் வரை சென்றவர் திரும்பி வந்து இன்னும் ஒரே ஒரு கேள்வி என்கிறார். அக்கேள்வியில்தான் தொடரின் உயிர் இருக்கிறது. பணமும் பட்டமும் உள்ளவன், இந்த எளியவனுக்கு என்ன தெரியும் என இகழ்கிறான்; அந்த இகழ்ச்சியே அவனை வீழ்த்துகிறது. யார் என்னும் வினா முன்னரே தீர்ந்துவிடுவதால் மனம் மேலான வினாக்களுக்குச் செல்கிறது. தெரிந்த உண்மை எவ்வாறு நிறுவப்பட்ட உண்மையாகும்? அதிகாரம் உள்ளவனை எளியவன் எவ்வாறு பேச வைப்பான்? இரு வகையுள் இதுவே உயர்ந்தது எனத் துணிந்து கூறலாம்.

தமிழ்த் தொடர்களுள் தொண்ணூறுகளில் வந்த, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ மறக்கவியலாதது. நிகழ்வது தெய்வத்தின் தண்டனையா மனிதனின் குற்றமா என்னும் ஐயத்தைப் பல வாரங்கள் கலையாமல் காத்த திறம் எளிதன்று. 2022-ல் வந்தவற்றுள் ‘சுழல்’ மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையின் ஓட்டத்தோடு பின்னியது. அதே ஆண்டின் ‘வதந்தி’, கொல்லப்பட்ட பெண்ணைப் பற்றி ஊரும் ஏடுகளும் புனையும் கதைகளையே இரண்டாம் கொலையாகக் காட்டியது. இவ்விரண்டனுள் ‘வதந்தி’யின் நோக்கு கூர்மையானது, ஆனால் தேவைக்கு மேல் நீள்கிறது. மலேசியாவில் 1999-ல் தொடங்கிய ‘கெராக் காஸ்’ பல்லினக் காவலரை ஒரே அணியில் காட்டிய நற்பணியைச் செய்தது. குற்றத்தின் வேரை அது அதிகம் தேடவில்லை.

இத்தொடர்கள் அனைத்தையும் உரைத்துப் பார்க்கத் தக்க உரைகல் ஒன்று சிலாங்கூரின் வடபகுதியிலேயே உள்ளது. கெந்திங் மலைக்குச் செல்வோர் இன்று கடந்துபோகும் பத்தாங் காலிக்கு அருகில், சுங்கை ரெமோக் தோட்டத்தில், 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில் இருபத்து நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அனைவரும் ஆயுதம் ஏந்தாத சீனர். பால்மரத் தோட்டத்தை நம்பி வாழ்ந்தோர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ஆறு மாதங்களே ஆகியிருந்தன. ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ரோந்துக் குழு முதல் நாள் மாலை ஒருவரைச் சுட்டது. இரவு முழுதும் ஊரார் கொங்சி வீட்டில் அடைக்கப்பட்டனர். மறுநாள் பெண்களும் குழந்தைகளும் லாரியில் ஏற்றப்பட்டனர். அதன்பின் ஆடவர் இருபத்து மூவர் கொல்லப்பட்டனர், குடியிருப்புகள் தீக்கிரையாயின. மயங்கி வீழ்ந்த ஒருவர் மட்டும் உயிர் தப்பினார்.

தப்பியோட முயன்றபோது சுட நேர்ந்தது என்பது அரசின் கூற்று. 1949-ல் தலைமை வழக்குரைஞர் நடத்திய விசாரணை அதனை ஏற்றது. தப்பியோடுவோரைத் தடுக்க உயிர்பறிக்கும் வலிமையைப் பயன்படுத்தலாம் என்னும் விதி, கொலை நிகழ்ந்தபின் 1949 ஜனவரியில் இயற்றப்பட்டது. இங்கே கொலம்போ வாசலிலிருந்து திரும்பி வந்திருப்பார். காட்டை நோக்கி ஓடிய இருபத்து மூவரும் இறந்தனர் என்றால், அவர்களுள் காயத்தோடு வீழ்ந்தவர் ஒருவர்கூட இல்லாமற் போனது எப்படி? இந்த ஒரே கேள்வியை அதிகாரத்தில் இருந்த எவரும் அன்று முடிவுவரை விரட்டிச் செல்லவில்லை.

1970 பிப்ரவரியில் ‘தி பீப்பிள்’ என்னும் ஆங்கில ஏடு, அக்குழுவில் இருந்த முன்னாள் வீரர் சிலரின் வாக்குமூலங்களை வெளியிட்டது. எவரும் ஓடவில்லை, திட்டமிட்டே சுட்டோம் என்பது அவற்றின் சாரம். ஸ்காட்லாந்து யார்டு விசாரணையில் இறங்கியது. துப்பறிவோர் மலேசியாவுக்கு வந்து ஊராரைக் காணவிருந்த நிலையில், ஜூன் மாதத் தேர்தலில் பிரிட்டனில் ஆட்சி மாறியதும் விசாரணை நிறுத்தப்பட்டது. போதிய சான்றில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். சான்றைத் தேடப் புறப்படும் முன்பே சான்றில்லை எனக் கூறும் துப்பறிவாளரை எந்தத் தொடரிலேனும் கண்டதுண்டா?

1992-ல் பிபிசி ஒளிபரப்பிய ‘இன் கோல்டு பிளட்’ என்னும் ஆவணப்படம் நின்ற இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தது. முன்னாள் வீரரும் ஊரின் முதியோரும் ஒரே படத்தில் பேசுகின்றனர். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு நெறி கூறுகிறார்: ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரின் சொல் ஒத்திருப்பின் அதனை நம்பலாம். கடல்கடந்த நாட்டில் முதுமை எய்திய வீரனும், கணவனை இழந்த தோட்டத்துப் பெண்ணும் ஒருவரை ஒருவர் அறியார், மொழியும் வேறு. ஆயினும் அடிப்படைச் செய்தியில் இரு தரப்பின் சொல்லும் ஒத்துச் செல்கிறது. வீரருள் சிலர் பழைய கூற்றையே இறுதிவரை பற்றி நின்றதையும் மறைத்தல் கூடாது. அவ்வாறு பற்றி நிற்பதற்குத் தமக்கு உரிய காரணம் அவர்களுக்கு இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்க்கோ அதனால் ஆதாயம் ஏதுமில்லை. புனைகதைத் தொடரின் கவர்ச்சி அனைத்தும் இப்படத்தில் உண்டு. இல்லாதது ஒன்றே. இறுதிக் காட்சியில் கைவிலங்கு இல்லை.

படத்திற்குப் பின் 1993-ல் ஊரார் பிரித்தானிய அரசியாருக்கு முறையீடு அனுப்பினர். அதனைத் தொடர்ந்த மலேசியக் காவல் துறையின் விசாரணை 1997-ல் முடித்துக்கொள்ளப்பட்டது. வழக்கு இலண்டனுக்குச் சென்றது. 2012-ல் உயர்நீதிமன்றம், வேண்டுமென்றே கொன்றதற்குச் சான்று உண்டு என ஒப்புக்கொண்டே, விசாரணைக்கு ஆணையிட மறுத்தது. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐவருள் நால்வர் மேல்முறையீட்டைத் தள்ளினர். ஹேல் சீமாட்டி மட்டும் மாறுபட்டார். 2018-ல் ஸ்திராஸ்பூர்க்கின் ஐரோப்பிய நீதிமன்றமும் முறையீட்டை ஏற்கவில்லை. பொய் என்று எவரும் தள்ளவில்லை. காலம் கடந்துவிட்டது என்று தள்ளினர். பாண்டியன் அவையில் மாணிக்கம் தெறித்தபோது அரசன் உயிர் துறந்தான். இலண்டனில் மாணிக்கம் தெறித்தது. அவை நாளேட்டைப் புரட்டித் தேதி பார்த்தது.

இது சீனர் துயரம், தமிழ் எழுத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்போர் உளர். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது படை வந்தது; துப்பாக்கி பேசியது; தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சாய்ந்தோர் தமிழ்ப் பாட்டாளிகள். அந்நிகழ்வை மையமாக்கி ஒரு துப்பறியும் தொடர் தமிழில் எழுதப்படின், அது யார் சுட்டது என்று தொடங்க வேண்டியதில்லை. ஆணை யாரிடமிருந்து வந்தது, எந்தக் கோப்பில் எந்தத் தாள் எடுக்கப்பட்டது, விசாரிக்க வந்தவர் எந்த லயத்தின் வாசலைத் தாண்டாமல் திரும்பிப் போனார் என்று தொடங்கலாம். பத்தாங் காலியைப் பற்றி எழுதுவோருக்கோ, பெண்களை ஏற்றிக்கொண்ட லாரி தோட்டத்துச் செம்மண் சாலையில் நகர்ந்தபோது பின்னால் கேட்ட முதல் வெடியோசை போதும்.