மூளைத் தூண்டலும் உயிரறிவின் விளக்கமும்

மக்களுட் சிலர் உலகியற் செயல்களிற் பிறர் துணையை வேண்டியவராயிருந்தும், கணக்கு, நினைவு, ஓவியம், இசை என்பவற்றுள் ஒன்றிற் கண்டோர் வியக்கும் ஆற்றலுடையராய் விளங்குகின்றனர். மேனாட்டார் இவரைச் 'சாவண்ட்' என வழங்குவர். அமெரிக்க நாட்டுச் சால்ட் லேக் நகரத்தவராகிய கிம் பீக் (1951–2009) இத்தகையோருள் ஒருவர். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை இன்றியே பிறந்தவர். படித்த நூல்கள் பல்லாயிரத்தின் செய்திகளை நினைவிற் கொண்டிருந்தவர். எனினும் சட்டைப் பொத்தானை இடுதல் போன்ற எளிய செயல்களுக்கும் இடர்ப்பட்டவர்.

இவ்வாற்றல் எல்லார் மூளையிலும் மறைந்து கிடக்கின்றது என்பதும், மூளையின் ஒரு பகுதியைச் சிறிதுபொழுது அடக்கின் அது வெளிப்படும் என்பதும் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஆலன் ஸ்னைடரின் கொள்கை. கண் முதலிய பொறிகள் கொணரும் நுண்ணிய செய்திகளை மூளை தொகுத்து, 'இது முகம்', 'இது மரம்' என முடிபை மட்டும் காட்டுகின்றது. தொகுக்கப்படாத அச்செய்திகளைச் சாவண்ட் எனப்படுவோர் நேரே எய்துகின்றனர் என்பது அவர் கூறும் காரணம். இதனை ஆராய்தற்கு அவரும் உடனாய்வாளரும் 12 பேரை அமர்த்தி, 2006-இல் தம் முடிபை வெளியிட்டனர். இடப் பொட்டினுள் அமைந்த மூளைப்பகுதியிற் காந்தத் துடிப்புக்களை 15 நிமிடம் செலுத்தி, ஒன்றரை நொடி தோன்றி மறையும் புள்ளிகளின் தொகையை மதிப்பிடச் செய்தனர். 10 பேர் முன்னினும் செம்மையாக மதிப்பிட்டனர். துடிப்பின் பயன் தேயவே அச்செம்மையும் அவருட் பெரும்பாலார்க்குக் குன்றிற்று.

இவ்வாய்வு போற்றத்தக்கதே. ஆயினும், இதுகொண்டு பேராற்றல் யாவர்க்கும் ஒரு கருவியால் எய்தற்பாலது என முடித்தல் பொருந்தாது. என்னை? புள்ளிகளைச் சிறிதுபொழுது நன்கு மதித்தல் வேறு. ஒரு கலையில் வல்லராதல் வேறு. 2003-இல் ஸ்னைடரும் பிறரும் வெளியிட்ட ஆய்விலும், 11 பேருள் நால்வர்க்கே ஓவியம் வரையும் முறை பெரிதும் மாறிற்று. முறை மாறுதல் தேர்ச்சியாகாது. இலண்டன் ஓவியர் ஸ்டீவன் வில்ட்சயர் 2005-இல் டோக்கியோ நகரை ஹெலிகாப்டரில் இருந்து சிறிதுநேரம் நோக்கி, நினைவினின்றே 10 மீட்டர் நீளத்தில் வரைந்தார். அவரோ இளமை தொட்டு இடையறாது வரைந்தவர். ஓவியக் கல்லூரியிற் பயின்றவர். இயல்பில் அமைந்த ஆற்றலும் பயிற்சியாலன்றி முதிராது.

அற்றேல், சிறிதாயினும் ஊதியமன்றோ எனின், அவ்வூதியத்திற்கு விலையும் உண்டு. 2013-இல் இயுக்குலானோ, கோகன் கடோஷ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், மூளையின் பின்பகுதியில் மெல்லிய மின்னோட்டம் பெற்றோர் புதிய எண்குறிகளை விரைந்து கற்றனர். ஆயின், கற்றதனை முயற்சியின்றிக் கையாளும் எளிமையிற் குன்றினர். முன்பகுதியிற் பெற்றோர்க்கு இது மறுதலையாயிற்று. ஒருபுறம் மிகின் மறுபுறம் குறையும் என்பது இதனாற் புலனாம். மின்னோட்டம் கருதிய இடத்தளவில் நில்லாது என்பதும், அதன் பயன் ஆளுக்காள் வேறுபடும் என்பதும் காட்டி, இல்லத்திலே தாமே அதனைச் செலுத்திக்கொள்வாரை எச்சரித்து ஆய்வாளர் பலர் 2016-இல் திறந்த மடல் வெளியிட்டனர். தேர்வில் மதிப்பெண் மிகுதல் வேண்டித் தம் மக்கள் தலையில் இதனைச் செய்ய எண்ணும் பெற்றோர், எதனை ஈடாக வைக்கின்றனர் என்பதனைச் சிந்தித்தல் கடன்.

இனி, உயிரின் அறிவு மறைப்புண்டு கிடக்கின்றது, மறைப்பு நீங்கின் விளங்கும் என்பதே சைவ நூற்றுணிபாகலின், இக்கொள்கை சித்தாந்தத்திற்கு அரண் செய்யும் என மகிழ்வாரும் உளராகலாம். அவ்வொப்புமை சொல்லளவினதே. உயிரறிவை மறைப்பது ஆணவ மலம். மாயையின் காரியமாகிய உடலும் கருவிகளும் அவ்விருளில் ஏற்றிய விளக்கென நின்று அறிவைச் சிறிது விளக்குவன. மூளையும் அவற்றுள் அடங்கும். காந்தம் தொடுவது இவ்விளக்கினையேயன்றி இருளையன்று. விளக்கினையே மறைப்பெனக் கொள்ளுதல் பெருந்தடுமாற்றம். புள்ளிகளை மதிக்குந் திறம் எத்துணை மிகினும், 'யான்', 'எனது' என்னும் செருக்கு அதனாற் குறைதற்கு ஏது இல்லை.

கிம் பீக் 1988-இல் வெளிவந்த 'ரெயின் மேன்' என்னும் திரைப்படத்திற்குத் தூண்டுதலாயிருந்தார். அதன்பின் தந்தையாரோடு ஊர்தோறுஞ் சென்று பல்லாயிரவரைக் கண்டார். வேறுபட்ட இயல்புடையாரையும் மதித்தல் வேண்டும் என்பதே அவ்விருவரும் எங்கும் உணர்த்திய செய்தி. அவர்தம் நினைவாற்றலை மட்டும் விரும்பி, அதனைப் பிறர் மூளைக்கும் ஆக்க முயல்வார் இச்செய்தியை நழுவ விடுகின்றனர். கருவியின் திறத்தை வியப்பார், அதனையுடைய உயிரின் பெருமையை மறவாதிருத்தலே முறையாம்.