ஒன்பது சரிவுகளின் ருசி

பார்பரெஸ்கோ என்னும் ஒயினை முதன்முறையாகக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பவருக்குச் சிறிது ஏமாற்றமே உண்டாகும். சிவப்பு ஒயின் என்றால் கறுத்து அடர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பழகிய கண்ணுக்கு, மாதுளைச் சாற்றில் தண்ணீர் கலந்தாற்போல மெலிந்து, விளிம்பில் செங்கல் நிறமாக வெளுத்துத் தோன்றும் இந்தத் திரவம் பலஹீனமானதாகவே படும். அந்த அபிப்பிராயத்தோடு ஒரு வாய் பருகியவர், மறுகணம் ஈறுகளை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பில் திடுக்கிட்டுப் போவார். நிறத்தில் மெலிவும் நாவில் வலிவுமாக இருப்பது நெப்பியோலோ என்ற திராட்சையின் பிறவிக் குணம். இதை ரசிக்க விரும்புகிறவர் முதலில் அந்தக் குணத்தோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும்.

துவர்ப்பை அறுசுவைகளுள் ஒன்றாக வைத்து எண்ணி வந்திருக்கிற நமக்கு அது கடினமான காரியமாக இராது. நாவற்பழம் தின்றபின் நாக்கு தடித்துப்போவதையும், வாழைப்பூவின் பிடிப்பையும், கொட்டைப்பாக்கின் கடுமையையும் அறிந்த நாக்கு, நெப்பியோலோவின் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் துவர்ப்பைக் குற்றமாகக் கொள்ளாது. ஒயினை நெடுங்காலம் கெடாமல் தாங்கி நிற்பதில் அந்தத் துவர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. வருஷங்கள் செல்லச் செல்ல அது மெத்தென்று இளகிவிடும். பார்பரெஸ்கோ என்ற பெயரைத் தாங்க வேண்டுமானால் குறைந்தது 26 மாதங்கள் முதிர வேண்டும், அவற்றுள் 9 மாதங்களாவது மரப்பீப்பாயில் கழிய வேண்டும் என்றும், 'ரிஸெர்வா' என்ற விசேஷப் பெயருக்கு 50 மாதங்கள் வேண்டும் என்றும் இத்தாலி நாட்டுச் சட்டம் விதித்திருப்பது இக்காரணம் பற்றியே.

இத்தாலியின் வடமேற்கில், பீட்மான்ட் பிரதேசத்து லாங்கே குன்றுகளின் நடுவே, தனாரோ ஆற்றை நோக்கி நிற்கும் ஒரு பழைய கோபுரத்தை அண்டி அமைந்த சின்னஞ்சிறு கிராமந்தான் பார்பரெஸ்கோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையில் இவ்வூர்க் குடியானவர்கள் விளைவித்த பழம் பெரும்பாலும் பரோலோ ஒயின் செய்வோருக்கு விலையாகி, அந்தப் பெயருக்குள்ளேயே மறைந்துபோயிற்று. ஆல்பா நகரத்து ராஜாங்க ஒயின் கலாசாலையின் தலைவரும், இக்கிராமத்துக் கோட்டைக்கு உரியவருமான தோமிட்ஸியோ கவாட்ஸா என்பவர், 1894-ஆம் ஆண்டில் 9 தோட்டக்காரர்களை ஒன்றுசேர்த்து, அந்தக் கோட்டையிலேயே கூட்டாக ஒயின் செய்யத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊரின் விளைவு ஊரின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1920-களில் பாசிஸ ஆட்சியின் பொருளாதார விதிகளால் அந்தச் சங்கம் மூடப்பட்டது.

பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் மறுபடியும் பழ வியாபாரியின் தயவில் வாழ்ந்தது. ஓரிரு ஏக்கர் சரிவு நிலம் வைத்திருந்தவனுக்குப் பீப்பாயும் நிலவறையும் வைத்து ஒயின் செய்யும் சக்தி இல்லை. அறுத்த பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனாலோ, அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும் என்பதை வாங்குகிறவன் அறிவான். இளைஞர்கள் ஆல்பாவுக்கும் டூரினுக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போய்க்கொண்டிருந்த அந்த நாளில், கிராமத்துப் பங்குத் தந்தையான ஃபியோரினோ மரெங்கோ அடிகளார், சிறு நிலக்காரர்கள் பிழைத்திருக்க இணைவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை என்று கண்டு, 1958-இல் 19 பேரைக் கூட்டிச் சங்கத்தை மீண்டும் நிறுவினார். முதல் மூன்று அறுவடைகளின் ஒயினும் தேவாலயத்தின் நிலவறையிலேயே தயாராயிற்று. மேலே பூசை நடக்க, கீழே அந்த வருஷத்துச் சாறு நுரைத்துப் புளித்துக்கொண்டிருந்தது. சதுக்கத்துக்கு எதிர்ப்புறம் சொந்த ஆலை எழுந்தது அதற்குப் பின்னர்தான். 'ப்ரொடுத்தோரி தெல் பார்பரெஸ்கோ', அதாவது பார்பரெஸ்கோ உற்பத்தியாளர்கள் என்ற எளிய பெயர் தாங்கிய அச்சங்கத்தில் இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன.

பலர் நிலத்துப் பழத்தையும் ஒரே தொட்டியில் கொட்டுவதால் கூட்டுறவு ஒயின் சுவையற்றுப் போகும் என்று ரசிகர்களிடையே ஓர் எண்ணம் உண்டு. எடைக்கு மட்டும் பணம் கொடுக்கும் இடங்களில் அது மெய்யும்கூட. இங்கே பழத்தின் தரத்தைச் சோதித்தே விலை தருகிறார்கள். நெப்பியோலோ தவிர வேறு பழத்தைத் தொடுவதில்லை. இவற்றினும் மேலான சிறப்பு ஒன்று உண்டு. அஸீலி, ரபாயா, பயே, போரா, ஒவெல்லோ, ரியோ சொர்தோ, முன்ககோத்தா, மொந்தெஃபீக்கோ, மொந்தெஸ்தெஃபானோ என்ற ஒன்பது சரிவுகளின் பழத்தை, நல்ல மகசூல் வாய்த்த ஆண்டுகளில் தனித்தனியே பிரித்து வைத்துத் தனித்தனி ரிஸெர்வாவாகச் செய்கிறார்கள். சரிவுகளைப் பிரிக்கும் இவ்வழக்கம் 1967-இல் தொடங்கியது. ஆண்டு போதாது என்று தோன்றினால் பிரிப்பதில்லை. ஒன்பதின் பழமும் பொதுப் பார்பரெஸ்கோவிலேயே கலந்து அதன் தரத்தை உயர்த்திவிடும்.

இதனால் ரசிகனுக்கு உண்டாகும் லாபத்தைச் சற்று நிதானித்து உணர வேண்டும். வெவ்வேறு தனியார் ஆலைகளில் வாங்கிய இரண்டு பாட்டில்களை ஒப்பிடும்போது, நாம் காணும் பேதம் மண்ணால் வந்ததா, செய்தவர் கைப்பக்குவத்தால் வந்ததா என்று சொல்வது அரிது. இங்கேயோ பழம் ஒன்று, பீப்பாய் ஒன்று, கை ஒன்று, வருஷமும் ஒன்று; மாறுவது சரிவு ஒன்றுதான். ஒரு நிலத்தின் ருசி என்று பெரியவர்கள் சொல்வது வெறும் கற்பனையா என்று சந்தேகப்படுகிறவருக்கு இதைவிடத் தெளிவான பரீட்சையை நான் அறியேன்.

ஆகையால் வசதியுள்ளவர்கள் நண்பர் நால்வராகச் சேர்ந்து, ஒரே ஆண்டைச் சேர்ந்த அஸீலி ஒன்றும் மொந்தெஸ்தெஃபானோ ஒன்றும் வாங்கி அருகருகே வைத்துப் பருகிப் பாருங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்கள் சங்கத்தின் பொதுப் பார்பரெஸ்கோவிலிருந்தே தொடங்கலாம். அதுவும் நிறைவான ஒயின்தான். பருகுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தக்கையை எடுத்து, அகன்ற ஜாடி ஒன்றில் ஊற்றிவைப்பது நலம். அறையின் உஷ்ணத்தில் பரிமாறலாம் என்று ஐரோப்பியர் எழுதுவதை நம் ஊர்க் கோடையில் அப்படியே பின்பற்றக் கூடாது; பாட்டிலைச் சற்று நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் பதினேழு, பதினெட்டுப் பாகை என்ற இதமான நிலைக்கு வரும். காரக் குழம்போடு சேர்த்தால் மிளகாயும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூண்டி இரண்டும் கெடும். காரம் குறைத்து மெல்லிய தீயில் வெந்த இறைச்சியும், வெண்ணெயில் புரட்டிய முட்டை நூடுல்ஸும் இதற்கு ஏற்ற துணை. லாங்கே மக்கள் உண்பதும் அதுவே.

முதலில் குடிக்காமல் முகருங்கள். அஸீலியில் ரோஜாவும் செர்ரிப்பழமும் கலந்த மென்மையான பரிமளம் எழும். நாவில் அதன் துவர்ப்பு பட்டுநூல்போல இழையும். மொந்தெஸ்தெஃபானோ அத்தனை எளிதில் மனம் திறவாது. காய்ந்த மூலிகையும், மழை விட்ட மண்ணும், புதுச் சாலையில் உருகிய தாரும் நினைவுக்கு வரும். துவர்ப்பு விறைத்து நிற்கும். நாழிகை செல்லச் செல்ல, இறுகியிருந்த மொந்தெஸ்தெஃபானோ சிறிது சிறிதாக நெகிழ்ந்து, அதனுள்ளிருந்தும் அதே ரோஜா வாஸனை, வாடிய இதழின் வாஸனையாக வெளிவரும். அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் பாட்டிலின் சீட்டைப் படியுங்கள். ரிஸெர்வாவின் சீட்டில் சரிவின் பெயரோடு, அந்தச் சரிவில் கொடி வளர்த்த குடும்பங்களின் பெயர்களும், அவ்வாண்டு நிரப்பிய பாட்டில்களின் தொகையும் அச்சாகியிருக்கும். பழத்தைச் சந்தையில் விற்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மனிதர்களின் ஊரிலிருந்து வரும் அந்தப் பெயர்களை நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பது வழக்கம்.

விருந்து முடிந்ததும் கிண்ணங்களை உடனே கழுவிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் கீழும் சரிவின் பெயர் எழுதிய காகிதத்தை வைத்துவிட்டு, காலையில் எழுந்து மறுபடியும் முகர்ந்து பாருங்கள்.